சாலைப் பாதுகாப்பு பற்றி ஒய்பியிடம் கேட்டு நேரான பதில் வாங்குவது எப்படி? கோலாலம்பூருக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நான்கு தடச் சாலை ஒன்று ஓடுகிறது. கடக்க விளக்கு இல்லாமல் இருந்தது. பள்ளி விடும் நேரத்திலும் மண் லோரிகள் வேகம் குறைத்ததில்லை. இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டு நாங்கள் ஏறாத படி கிடையாது. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், தேநீர்கூடக் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவர் வேறொருவரைக் கைகாட்ட, மாதங்கள் ஓடின. கேட்கிற முறையை மாற்றிய பிறகுதான் எழுத்தில் பதில் வந்தது, அதன் பின்னால் விளக்கும் வந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சாலைப் பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் எந்த ஒய்பியும், அதாவது நாம் ஓட்டுப்போட்டு அனுப்பிய எந்த மக்கள் பிரதிநிதியும், அரைமணி நேரம் சலிக்காமல் பேசுவார். "இந்த இடத்தில், இந்த வேலையை, எந்தத் துறை, எந்தத் தேதிக்குள் செய்யும்?" என்று எழுத்தில் கேட்டால்தான் நழுவ இடம் இருக்காது. கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கானவை.

1. சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பாதிப் பேர் இங்கேயேதான் தோற்றுப்போகிறார்கள். கேள்வி தவறான வாசலில் விழுந்தால், "அது எங்கள் சாலை இல்லை" என்ற பதிலோடு கோப்பு மூடப்படும். அதைச் சொன்னவரைக் குறைசொல்லவும் முடியாது.

கோலாலம்பூருக்குள் இருக்கும் பெரும்பாலான தெருக்கள் மாநகர் மன்றத்தின் கையில், அதாவது டிபிகேஎல் கையில் இருக்கின்றன. கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணி அமைச்சும் ஜேகேஆர் என்னும் பொதுப்பணித் துறையும். டோல் நெடுஞ்சாலை என்றால் அதை நடத்தும் நிறுவனம், அதை மேற்பார்வை செய்வது எல்எல்எம் என்னும் நெடுஞ்சாலை வாரியம். எல்லையைத் தாண்டினால் ஆளே மாறிவிடுவார்கள். பத்து கேவ்ஸ் பக்கம் போனால் செலாயாங் நகராண்மைக் கழகம், அம்பாங் பக்கம் போனால் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம். ஒரே சாலை, நடுவில் ஒரு பலகை, அந்தப் பலகைக்கு அப்பால் வேறு அரசாங்கம்.

சாலை எண் உதவும். எண் 'இ' (E) என்ற எழுத்தில் தொடங்கினால் நெடுஞ்சாலை: எல்டிபி இ11, மெக்ஸ் இ20, டியூக் இ33. வெறும் எண் என்றால் பெரும்பாலும் கூட்டரசுச் சாலை. சிலாங்கூர் மாநிலச் சாலை 'பி' (B) என்ற எழுத்தில் தொடங்கும். எண்ணே இல்லாத தெரு என்றால் முதலில் மாநகர் மன்றத்திடம் கேளுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் கிளைச்சாலை ஊர்ச்சாலையைத் தொடும் இடத்தில் இரண்டு தரப்பும் கைவிரிக்கும். அப்படிப்பட்ட இடம் என்றால் இருவரையும் ஒரே கடிதத்தில் முகவரியிட்டு எழுதுங்கள். ஒருவருக்கு எழுதியது மற்றவருக்கும் தெரிந்தால், பந்தை அடுத்தவர் பக்கம் தட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

சாலை வேறு, அதில் ஓடும் வண்டி வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். லோரி பாரம், வண்டியின் நிலை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுக்கு ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறை. வேகத்துக்கும் சிவப்பு விளக்கை மீறுவதற்கும் ஜேபிஜேயோடு போக்குவரத்துப் போலீசும் உண்டு. கட்டுமான இடத்திலிருந்து லோரி வெளியே வரும் வாயில் எங்கே இருக்கவேண்டும் என்பது மாநகர் மன்றம் கொடுத்த அனுமதியைப் பொறுத்தது. எங்கள் விஷயத்தில் மூன்றும் கலந்திருந்தன. மூன்றையும் ஒரே புகாரில் கொட்டாமல் தனித்தனியாகப் பிரித்த பிறகுதான் நகரத் தொடங்கியது.

2. ஆதாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கோபத்தோடு போனால் ஆறுதல் கிடைக்கும். தாளோடு போனால் பதில் கிடைக்கும். தேவைப்படுபவை இவைதான்:

இடத்தின் சரியான அடையாளம். "பள்ளிக்கூடம் பக்கத்தில்" என்று எழுதாதீர்கள். அருகிலிருக்கும் விளக்குக் கம்பத்தில் ஓர் எண் இருக்கும், அதை எழுதுங்கள். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லின் எண். கைத்தொலைபேசி வரைபடத்தில் அந்த இடத்தின் புள்ளியையும் சேமித்து வையுங்கள்.

படங்கள். காலை, பள்ளி விடும் நேரம், இரவு என்று மூன்று நேரத்திலும் எடுங்கள். தேதியும் நேரமும் படத்தில் தெரியட்டும். நடைபாதையில் நின்று எடுங்கள், சாலையில் இறங்க வேண்டாம். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஓர் எண்ணிக்கை. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதற்குத்தான் மதிப்பு அதிகம். பள்ளி விடும் அரைமணி நேரத்தில் எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள், எத்தனை கனரக வண்டிகள் போகின்றன என்று இரண்டு பேர் உட்கார்ந்து கோடு போட்டு எண்ணுங்கள். சில வாரநாட்களில் எண்ணினால் போதும். பொறியாளர்கள் பேசும் மொழி அது.

போலீஸ் புகாரின் நகல்கள். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யவேண்டும். நம் ஆட்கள் பலர் "சின்ன கீறல்தானே, விடுங்கண்ணா" என்று பேசி முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி முடிந்த விபத்து எந்தக் கணக்கிலும் ஏறாது. பிறகு அதிகாரி "எங்கள் பதிவில் இந்த இடத்தில் விபத்தே இல்லையே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. புகார் கொடுப்பது இலவசம், நகலுக்குத்தான் சிறு கட்டணம்.

கையெழுத்துப் பட்டியல். பெயர், முகவரி, கையெழுத்து போதும். முழு ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கேட்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் இருந்தால் போதும். அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று உங்களால் சொல்ல முடியாது. பள்ளித் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தனித்தனியாக ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் அது நூறு கையெழுத்துக்குச் சமம்.

கடை சிசிடிவி பதிவு வேண்டுமென்றால் அன்றைக்கே போய்க் கேளுங்கள். பல கடைகளில் கொஞ்ச நாளில் பழையது தானாக அழிந்துவிடும்.

3. புகார் எண் இல்லாமல் ஒய்பியிடம் போகாதீர்கள்

ஒய்பியின் சேவை மையத்தில் முதலில் கேட்கும் கேள்வி: "டிபிகேஎல்லில் புகார் கொடுத்தீர்களா?" இல்லை என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாநகர் மன்றத்தின் புகார் தளத்திலோ, அரசாங்கத் துறைகள் பயன்படுத்தும் சிஸ்பா என்னும் இணையப் புகார் முறையிலோ பதிவு செய்து எண் வாங்குங்கள். குழி, உடைந்த தார், அழிந்துபோன கோடு போன்றவற்றுக்குப் பொதுப்பணி அமைச்சின் 'மைஜாலான்' செயலி இருக்கிறது. எல்லாமே இலவசம். உங்களுக்காகப் புகார் எழுதித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள்.

குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒய்பியின் உதவியாளர் இருக்கிறார், அவர் கட்டைவிரல் காட்டிவிட்டார் என்பதெல்லாம் புகார் ஆகாது. எண் இருந்தால்தான் புகார்.

கவனமாக இருக்கவேண்டிய இடம் இது. சில வாரம் கழித்து உங்கள் புகார் 'முடிந்தது' என்று காட்டும், போய்ப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. வேறு துறைக்கு அனுப்பிவிட்டாலும் சில அலுவலகங்களில் முடிந்ததாகவே கணக்கு வைக்கிறார்கள். அன்றே, அதே இடத்தில், தேதியோடு ஒரு படம் எடுத்து மறுபடி பதிவு செய்யுங்கள். பழைய எண்ணைப் புதிய புகாரில் குறிப்பிடுங்கள். 'முடிந்தது' என்று காட்டும் திரையையும் படம்பிடித்து வையுங்கள், பிறகு மிகவும் உதவும்.

4. உங்கள் ஒய்பி யார், அவரால் எது முடியும்?

ஈப்போவிலிருந்தோ சுங்கைப் பட்டாணியிலிருந்தோ வந்தவர்கள் இங்கே சட்டமன்ற உறுப்பினரைத் தேடுவார்கள். கூட்டரசுப் பிரதேசத்தில் சட்டமன்றம் கிடையாது. கோலாலம்பூருக்கு 11 நாடாளுமன்றத் தொகுதிகள் உண்டு: கெப்போங், பத்து, வங்சா மாஜு, செகாம்புட், செத்தியாவங்சா, தித்திவங்சா, புக்கிட் பிந்தாங், லெம்பா பந்தாய், செப்பூத்தே, செராஸ், பண்டார் துன் ரசாக். மேயரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமிக்கப்படுபவர். மாநகர் மன்றத்தைக் கவனிப்பது கூட்டரசுப் பிரதேச விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர்.

இதனால் என்ன ஆகிறது? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மாநகர் மன்றத்துக்கு உத்தரவு போட முடியாது. "என் கையில் அதிகாரம் இல்லை" என்று அவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் கடிதம் எழுத, கூட்டம் கூட்ட, நாடாளுமன்றத்தில் அமைச்சரைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் கேட்கவேண்டியது அந்த மூன்றைத்தான். விளக்குப் போட்டுத் தரச்சொல்லி அவரிடம் கேட்டால் அவர் தப்பித்துவிடுவார். விளக்கு எப்போது வரும் என்று அமைச்சரைக் கேட்கச் சொன்னால் தப்பிக்க வழியில்லை.

நீங்கள் எந்தத் தொகுதி என்று தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் ஐசி எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஓட்டு இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். குடியிருப்பவராக எழுதுங்கள், அந்தத் தொகுதியில் ஓட்டு உள்ள அண்டை வீட்டாரின் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் பதில் சொல்பவர்கள், கேள்வி கேட்பவர்கள் அல்லர். லெம்பா பந்தாய், செகாம்புட், தித்திவங்சா உறுப்பினர்கள் 2022 தேர்தலுக்குப் பின் அமைச்சரவையில் இடம்பெற்றவர்கள். உங்கள் ஒய்பி அமைச்சராக இருந்தால், அவையில் கேள்வி கேட்கப் பக்கத்துத் தொகுதி உறுப்பினரையோ மேலவை உறுப்பினர் ஒருவரையோ நாடுங்கள். அதில் தவறில்லை.

5. கடிதம்: ஒரே பக்கம், மூன்றே கேள்வி

மலாயில் எழுதுங்கள். பதில் மலாயில்தான் வரும், கோப்பில் போய்ச் சேருவதும் அதுதான். மலாய் எழுத வராவிட்டால் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கேட்டால் உதவுவார்.

பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள். மேயரும் அமைச்சரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெயரிட்ட கடிதம் ஆள் மாறியதும் அநாதையாகிவிடும்.

முதல் பத்தியில் இடம், கம்ப எண், புகார் எண்கள். இரண்டாம் பத்தியில் நீங்கள் எண்ணிய கணக்கும் போலீஸ் புகார்களின் எண்களும். பிறகு கேள்விகள். எங்களுடையவை ஏறக்குறைய இப்படி இருந்தன:

ஒன்று: இந்தக் கம்ப எண்ணுக்கு எதிரே பாதசாரி விளக்கு அமைக்கும் பொறுப்பு எந்தத் துறையுடையது?

இரண்டு: இந்தப் பகுதியில் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை நடந்ததா? நடந்திருந்தால் எந்தத் தேதியில், அதன் பரிந்துரை என்ன?

மூன்று: விளக்கு அமைக்க முடிவாகியிருந்தால் எந்த மாதம்? இல்லையென்றால் காரணம் என்ன?

கடைசியில் ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்: எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும். நான்கு வாரம் கொடுப்பது நியாயம். ஒரே கடிதத்தை ஒய்பிக்கும், மேயர் அலுவலகத்துக்கும், சம்பந்தப்பட்ட துறைக்கும் அனுப்புங்கள். யார் யாருக்கு நகல் போகிறது என்பதைக் கடிதத்தின் அடியிலேயே எழுதுங்கள்.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பு (முத்திரை) குத்தி, தேதியிட்டு வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நின்று சாப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள். அது இல்லாத கடிதம் வரவே இல்லை என்று பிறகு சொல்லிவிடலாம். அஞ்சலில் என்றால் பதிவுத் தபால்.

6. நேரில் சந்திக்கும்போது

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் அந்தச் சாலையைத் தினமும் கடக்கும் பிள்ளையின் அம்மாவோ பாட்டியோ. கூட்டமாகப் போனால் ஒய்பி உரை நிகழ்த்துவார், படம் எடுப்பார்கள், கைகுலுக்கிவிட்டு வருவீர்கள்.

பேசியதை அன்று இரவே ஐந்து வரியில் எழுதி அவருடைய உதவியாளருக்கு அனுப்புங்கள்: "இன்று சந்திப்பில் ஒய்பி இன்ன தேதிக்குள் இன்னாருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார், நன்றி." மறுப்பு வராவிட்டால் அதுவே பதிவு. வாய்ப்பேச்சு தாளாக மாறும் இடம் இது.

பதாகையோடு கூடி மகஜர் கொடுக்க நினைத்தால் 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி அந்த மாவட்டப் போலீஸ் தலைவருக்கு ஐந்து நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்கவேண்டும்.

7. நழுவும் பதில்களும் அடுத்துக் கேட்கவேண்டியதும்

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும்.

"அது எங்கள் பொறுப்பில் இல்லை." சரி, யார் பொறுப்பு என்று எழுத்தில் தாருங்கள், இந்தக் கடிதத்தை அவர்களுக்கு நீங்களே அனுப்பி எங்களுக்கு ஒரு நகல் தாருங்கள் என்று கேளுங்கள். வாயால் "இல்லை" என்பவர் பலர். கையெழுத்திட்டு "இல்லை" என்பவர் குறைவு.

"ஆய்வில் இருக்கிறது." இதுதான் அதிகம் கேட்கும் பதில். ஆய்வு கெட்டதல்ல. யார் செய்கிறார்கள், எப்போது தொடங்கியது, எப்போது முடியும், முடிவை எங்களுக்குத் தருவீர்களா என்று நான்கையும் கேளுங்கள். உண்மையிலேயே ஆய்வு நடந்தால் நான்குக்கும் பதில் இருக்கும்.

"போலீஸ் விசாரணை நடக்கிறது, கருத்துச் சொல்ல முடியாது." விபத்து செய்தவர் யார், குற்றம் யாருடையது என்பதில் இது நியாயமான பதில், மதியுங்கள். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்பதற்கும் கோடு அழிந்துபோனதற்கும் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "நான் ஓட்டுநரைப் பற்றிக் கேட்கவில்லை, விளக்கைப் பற்றிக் கேட்கிறேன்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

"எல்லாம் ஓட்டுநர்களின் மனப்போக்குதான்." எனக்கு அதிகம் வலிக்கும் பதில் இது. நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் இறக்கிறார்கள், அதில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும் நம் பிள்ளைகள். மனப்போக்கு மாறட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அது மாறும்வரை சாலை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அரசாங்கம்தான் பதில் சொல்லவேண்டும். எங்கள் பகுதி மண்டபத்தில் நடந்த ஒரு சந்திப்பில் இந்த உரை தொடங்கியதும், பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "ஐயா, மனப்போக்கு இருக்கட்டும். இந்த விளக்குக்கு டெண்டர் போட்டாச்சா, போடலையா?" என்றார். மேடையில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மடியிலிருந்த கோப்பைப் புரட்டி, விரலால் ஒரு வரியைத் தேடி, ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னார். அதுவரை எங்களுக்கு யாருமே சொல்லாத மாதம். ஆம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு இருக்கும் பலத்தை நான் அன்று பார்த்தேன்.

"சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டோம்." இதைக் கொஞ்சம் நிதானமாகக் கையாளவேண்டும், ஏனென்றால் சொல்வதில் உண்மை இருக்கும். மது அருந்தி ஓட்டி உயிரைப் பறித்தால் 2020 திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். நல்லதுதான். ஆனால் தண்டனை விபத்துக்குப் பிறகு வருவது, நீங்கள் கேட்பது முன்னால் வரவேண்டியதை.

ஒரு பெரிய விபத்து நடந்ததும் அறிவிப்புகள் வரும். 2025 மே 13-ல் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தார்கள், ஜூன் 9-ல் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அதன்பின் கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயம் என்று போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. இப்படி ஓர் அறிவிப்பைக் காட்டி உங்களுக்குப் பதில் சொன்னால், நான்கு விவரங்களைக் கேளுங்கள்: அரசிதழில் வந்த தேதி, நடப்புக்கு வந்த தேதி, சம்மன் கொடுக்கத் தொடங்கிய தேதி, சோதிக்கும் துறை. மூன்று தேதிகளும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. காரில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்றார்கள். ஆனால் முதல் மாதங்களில் சம்மன் இல்லை, விழிப்புணர்வு மட்டும்தான் என்றும் அவர்களே சொன்னார்கள். அரசிதழை சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். செய்தியில் வந்தது சட்டமாகிவிட்டதா என்று சந்திப்புக்கு முன்பே நீங்கள் பார்த்துவிடுங்கள்.

"இத்தனை ஆயிரம் சம்மன் கொடுத்திருக்கிறோம்." நாடு முழுவதற்குமான எண்ணைச் சொல்வார்கள். இந்தச் சாலையில், பள்ளி விடும் நேரத்தில், லோரிகளுக்கு எத்தனை என்று கேளுங்கள்.

"ஒதுக்கீடு இல்லை." இது நேர்மையான பதில், இதற்கு நான் கோபப்படுவதில்லை. எந்த ஆண்டு வரவுசெலவில் கேட்டிருக்கிறீர்கள், வரிசையில் எங்கள் சாலை எத்தனையாவது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதில் வந்தாலும் ஒருவரையும் பழித்து இணையத்தில் எழுதாதீர்கள். "லோரி நிறுவனம் லஞ்சம் கொடுத்திருக்கும்" என்று ஆதாரமில்லாமல் ஒரு வரி போட்டால் அவதூறு வழக்கும் 1998 தொடர்பு பல்லூடகச் சட்டமும் உங்கள் மேல் திரும்பும். பிறகு பேச்சு சாலையைப் பற்றி இருக்காது, உங்களைப் பற்றித்தான் இருக்கும்.

8. நாடாளுமன்றத்தில் கேட்க வைப்பது

கடிதங்களுக்குப் பதில் வராதபோது இதற்கு வாருங்கள். முதலில் நாடாளுமன்ற இணையத்தளத்தில் அவைக்குறிப்பு என்னும் ஹன்சார்டைத் தேடுங்கள், எல்லாரும் பார்க்கலாம். உங்கள் சாலையோ, அதேபோன்ற பிரச்சினையோ முன்பு எழுந்ததா, அமைச்சர் என்ன சொன்னார் என்று பாருங்கள். அமைச்சர் முன்பு சொன்ன சொல்லையே தேதியோடு எடுத்துக்காட்டிக் கேட்கும் கேள்வியைவிட வலுவானது வேறில்லை.

கேள்வி இரண்டு வகை. வாய்மொழிக் கேள்விக்கு அவையில் பதில் சொல்வார்கள், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஆனால் பட்டியல் நீளம், நேரம் கொஞ்சம், பின்னால் இருக்கும் கேள்விகள் அவையில் எடுக்கப்படாமலே போய்விடும். உங்களுக்கு வேண்டியது ஊர்ப் பெயரும் தேதியும் உள்ள பதில். அதனால் எழுத்துப்பூர்வ பதில் கோரும் கேள்வியாகவே போடச்சொல்லிக் கேளுங்கள். கேமராவும் கைதட்டலும் இருக்காது, ஆனால் பதில் உங்கள் கையில் தாளாக இருக்கும். தொகுதிப் பிரச்சினையை விரிவாகப் பேசச் 'சிறப்பு அவை' என்று ஒன்றும் உண்டு. ஒய்பி அங்கே பேசினால் அமைச்சரோ துணையமைச்சரோ பதில் சொல்லியாகவேண்டும்.

கேள்விகள் கூட்டம் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிடவேண்டும். கூட்டம் நடக்கும்போது ஓடினால் அடுத்த கூட்டத்துக்குத்தான். கூட்டத் தேதி வெளியானதும், தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் உங்கள் கேள்வியை எழுதியே கொடுத்துவிடுங்கள். உதவியாளர் வேலையை நீங்களே பாதி செய்துகொடுத்தால் கேள்வி போகும். வரவுசெலவு அக்டோபர் வாக்கில் தாக்கலாகும், பணம் தேவைப்படும் விஷயம் என்றால் ஜூன், ஜூலையிலேயே அழுத்தம் கொடுக்கத் தொடங்குங்கள்.

9. செலவும் காலமும்

போட்டோஸ்டாட், பதிவுத் தபால், போலீஸ் புகார் நகல், கார் நிறுத்தம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐம்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. சத்தியப் பிரமாணம் எடுக்கவேண்டும், வக்கீல் நோட்டீஸ் விடவேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். இந்தக் கட்டத்தில் ஒன்றும் தேவையில்லை.

காலம்தான் பெரிய செலவு. குழி என்றால் வாரக்கணக்கு. கோடு அடிப்பது, பலகை வைப்பது மாதக்கணக்கு. விளக்கு என்றால் ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். அதுவரை சும்மா இருக்கவேண்டாம். அழிந்த கோட்டை மறுபடி அடிக்கவும், பள்ளி நேரத்தில் ஒரு போக்குவரத்துப் போலீசையோ தொண்டரையோ நிறுத்தவும் தனியாகக் கேளுங்கள். இவை சீக்கிரம் கிடைக்கும், பிள்ளைகளுக்கு இன்றைக்கே உதவும்.

10. பினாங்கில் இருப்பவர்களுக்கு

படிகள் ஏறக்குறைய இவையேதான், சில மாற்றங்கள் உண்டு. தீவுக்கு ஒரு மாநகர் மன்றம், செபராங் பிறைக்கு இன்னொன்று. உங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரும் உண்டு, மாநில அரசு அவர் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் அவரிடம் போங்கள். பினாங்குப் பாலம் டோல் நெடுஞ்சாலை, எண் இ36, மாநகர் மன்றத்துக்கு அதில் வேலையில்லை. துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை பெயரில் நெடுஞ்சாலைபோல இருந்தாலும் 3113-ஆம் எண் கூட்டரசுச் சாலை.

கோலாலம்பூரில் இல்லாத ஒரு கருவி உங்களிடம் இருக்கிறது: 2010 பினாங்குத் தகவல் சுதந்திரச் சட்டம். மாநிலத் துறைகளிடமும் மாநகர் மன்றங்களிடமும் உள்ள ஆவணத்தை விண்ணப்பித்துக் கேட்கலாம், கட்டணம் உண்டு. போலீஸ், ஜேபிஜே போன்ற கூட்டரசுத் துறைகள் இதில் அடங்கா. "எல்லாக் கோப்பும் வேண்டும்" என்று எழுதினால் திரும்பிவரும். "இந்தச் சாலைக்கு இந்த ஆண்டு செய்த போக்குவரத்துத் தாக்க அறிக்கை" என்று ஆவணத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

11. யாருக்காவது அடிபட்டிருந்தால்

பேச்சுவார்த்தையை நம்பிக் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அரசாங்கத்தின் மீதோ மாநகர் மன்றத்தின் மீதோ வழக்குத் தொடுக்க 36 மாதங்கள்தான் உண்டு. மற்றவர்கள் மேல் போடும் வழக்குக்கு இருப்பதைவிட இது மிகவும் குறைவு. "ஒய்பி பார்த்துக்கொள்வார்" என்று காத்திருந்து மூன்று வருடம் போய்விட்டால் நீதிமன்றக் கதவு மூடிவிடும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்து என்றால், சந்தா கட்டும் தொழிலாளிக்குப் பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. இதற்கு யார் மேலும் வழக்குப் போடவேண்டியதில்லை. முதலாளியிடம் உடனே தெரிவித்து, போலீஸ் புகாரும் மருத்துவச் சான்றும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

வக்கீலிடம் போகும்போது 3-ஆம் படியில் வாங்கிய புகார் எண்களையும், சாப்பு குத்திய கடித நகல்களையும், 'முடிந்தது' என்று காட்டிய திரைப் படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். விபத்துக்கு முன்பே அந்தச் சாலையின் நிலை அவர்களுக்குத் தெரியும் என்று காட்டும் தாள்கள் அவைதான்.